சீனிச்சாமி பிராசசர் மாற்றினார்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். சீனிச்சாமி கம்ப்யூட்டர் பெட்டியின் பட்டனை அமுக்கினார். உள்ளே ஃபேன் சுற்றியது, முகப்பில் நீல விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து 'நோ சிக்னல்' என்று ஒரு கட்டம் வந்து நின்றது. பிறகு அதுவும் அணைந்துவிட்டது.

அணைத்துவிட்டு மறுபடி போட்டார். அதே கதைதான். ஏழெட்டுத் தடவை போட்டுப் பார்த்த பிறகு, மேசைமேல் கழற்றி வைத்திருந்த ஸ்குருக்களை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். எண்ணி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவருக்கே தெரியும். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"என்னங்க, ஆச்சா?" என்று அடுப்படியிலிருந்து மகாலட்சுமி கேட்டாள்.

"ஆகிட்டிருக்கு" என்றார்.

சீனிச்சாமி படித்துக் கம்ப்யூட்டருக்கு வந்தவர் இல்லை. சுருளிப்பட்டியில் பிறந்து, பதினேழு வயதில் சித்தாள் வேலைக்குப் போய், இருபத்திரண்டில் கொத்தனாராகி, கம்பத்துக்கும் சின்னமனூருக்கும் இடையில் எத்தனையோ வீடுகளுக்குச் சுவர் எழுப்பியவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பூச்சு வேலை நடந்தபோது சாரக் கம்பு முறிந்து, இரண்டாம் மாடி உயரத்திலிருந்து விழுந்தார். கீழே மணல் குவிந்து கிடந்ததால் உயிர் மிஞ்சியது. முதுகெலும்பில் பிளேட் வைத்தார்கள். எட்டு மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தபோது டாக்டர் சொன்னது இரண்டே விஷயம்: சாரம் ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது.

படுத்திருந்த மாதங்களில் போனில் வீட்டு பிளான் வரைகிற வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். முதலில் பொழுது போவதற்காகத்தான். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. எந்தச் சுவரை எங்கே முடிக்க வேண்டும் என்று அந்த வீடியோவில் பேசுகிறவரைவிடத் தனக்கு நன்றாகத் தெரிகிறது. மவுஸ் பிடிக்கத்தான் தெரியவில்லை. எழுந்து உட்கார முடிந்ததும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதையும் பழகினார்.

இன்றைக்குக் கம்பம் பக்கத்துக் கொத்தனார்கள் பலர் அவரிடம்தான் பிளான் வாங்குகிறார்கள். கம்பத்தில் ஒரு இன்ஜினியர் பார்த்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். சீனிச்சாமியின் பிளானில் சுவர் நீளம் செங்கல் அளவுக்குச் சரியாக வந்து நிற்கும். வரிசைக்கு வரிசை கடைசிக் கல்லை உடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வேலை செய்கிறவனுக்கு அதன் அருமை தெரியும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்பதால், மேசைக் கால்களுக்கு அடியில் ஹாலோ பிளாக் கல் வைத்து உயர்த்தி, நின்றுகொண்டேதான் பாதி வேலையைப் பார்ப்பார்.

கோடு போட்ட பிளானுக்கு அந்தக் கம்ப்யூட்டரே போதும். ஆனால் இப்போது வீடு கட்டுகிறவர்கள் அதோடு விடுவதில்லை. முகப்பு எப்படி இருக்கும், அடுப்படி எப்படி இருக்கும் என்று போட்டோ மாதிரி கலர் படம் கேட்கிறார்கள். அப்படி ஒரே ஒரு படம் உருவாக அவருடைய கம்ப்யூட்டருக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். நாலரை மணி நேரத்தில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து.

கம்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கார்த்திக்ராஜ் தன் கம்ப்யூட்டரைப் புதிதாக மாற்றியபோது, பழையதிலிருந்த பிராசசரைச் சீனிச்சாமிக்குக் கொடுத்தார். "அண்ணே, கம்ப்யூட்டருக்கு மூளையே இதுதான். உங்கள்ட்ட இருக்கிறத விட ரெண்டு தலமொற புதுசு. சாக்கெட்டு ஒண்ணுதான், அப்படியே உக்காரும்" என்று சொல்லியிருந்தார்.

சீனிச்சாமி மூன்று வீடியோ பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார். பிராசசர் மேல் அதன் சூட்டைத் தணிக்கிற கூலர் இருந்தது. ஸ்குருவைக் கழற்றிய பிறகும் அது வரமாட்டேன் என்றது. பிடித்து இழுத்தார். டொப்பென்று கையோடு வந்தது. அடியில் பழைய பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் தடவியிருந்த பசை வருஷக்கணக்கில் காய்ந்து சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. ஸ்குரு டிரைவர் முனையால் நெம்பித்தான் பிரித்தார். புதியதை வைத்தார், அது அழகாக உட்கார்ந்தது. பசை தடவி, கூலரை முடுக்கி, பட்டனை அமுக்கினார்.

அப்புறம்தான் இந்தக் கறுப்புத் திரை.

மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினார். திரைக்கு வரும் கேபிளை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. சரி, பழையதையே வைத்துவிடலாம் என்று புதியதை எடுத்துவிட்டுப் பழைய பிராசசரைச் சாக்கெட்டில் வைத்தார். தானாக இறங்க வேண்டியது, ஒரு ஓரம் தூக்கியே நின்றது. விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் இறங்கிவிடும் போலத்தான் இருந்தது. ஆனால் தரையில் உட்காராத டைல்ஸ் கல்லைத் தட்டி இறக்கினால் என்ன ஆகும் என்று அந்தக் கைக்குத் தெரியும். எடுத்துப் பஞ்சுக்கு நடுவில் வைத்து ஒரு டப்பாவில் மூடினார்.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. கோம்பையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அய்யாத்துரை.

"சீனி, வியாழக்கிழமை அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்ட ஆளுகளுக்குச் சொல்லிட்டேன். பிளான் புதன்கிழமை கைக்கு வந்துருமில்ல?"

"வந்துரும் அண்ணாச்சி" என்று வாய் சொல்லிவிட்டது.

அந்த பிளான் சாதாரணமானது இல்லை. மனை ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் கூம்பு. அதற்குள் வாசலிலிருந்து கொல்லைவரை ஒரு படிகூட இல்லாமல் வீடு வேண்டும். அய்யாத்துரையின் மனைவி கிருபாவதிக்கு வாதம் வந்து ஒரு கால் சரியாக ஊன்ற வராது. சீனிச்சாமி மூன்று வாரம் போட்டுப் போட்டு அழித்து, கடைசியில் அதைக் கொண்டுவந்திருந்தார். அது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். மகாலட்சுமி பார்த்துவிட்டு, "சொல்லுங்க" என்றாள். சொன்னார்.

"அதுக்குள்ள போட்டு வச்சதெல்லாம் போயிருச்சா?"

"தெரியல."

"தெரியலன்னா தெரிஞ்சவுகட்ட போவோம். நாளைக்கித் தோட்டத்துக்கு வரலன்னு சொல்லிர்றேன். அதத் தூக்க நான் வரணும்ல. நீங்க தூக்கக் கூடாது."

திராட்சைத் தோட்டத்தில் குலை கவாத்துப் பார்க்கிற வேலை அவளுக்கு. சீசன் நேரத்தில் ஒரு நாள் வராமல் இருப்பதைத் தோட்டக்காரர் விரும்பமாட்டார். அவள் போனை எடுத்துத் தோட்டக்காரரைக் கூப்பிட்டாள்.

கார்த்திக்ராஜைக் கேட்டதில், தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் ஜெபஷீலா கடை என்று சொன்னார். திங்கட்கிழமை காலையில் பெட்டியைப் போர்வையில் சுற்றி மகாலட்சுமி தூக்கிக்கொள்ள, இரண்டு பேரும் கம்பம் வந்து தேனி பஸ் ஏறினார்கள். அவள் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள்.

"என்னம்மா அது, டிவியா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"கம்ப்யூட்டருண்ணே. மூளைய மாத்துனாக, முழிக்க மாட்டேங்குது."

கண்டக்டர் சிரித்துவிட்டுப் போனார். சீனிச்சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னமனூர் தாண்டுகிறவரை யாருக்கு என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். அய்யாத்துரை அண்ணாச்சிக்கு ஒன்று, இன்ஜினியருக்கு ஒன்று. எந்தப் பதிலும் நன்றாக இல்லை.

கடை மெயின் ரோட்டிலேயே இருந்தது. உள்ளே, நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு ஒரு பிரிண்டரைக் குடைந்துகொண்டிருந்தார்.

"சர்வீஸ் பாக்குறவரு இல்லீங்களா?" என்று சீனிச்சாமி கேட்டார்.

"பாக்குறவ நான்தான். பதினாலு வருசமா எல்லாரும் இதத்தான் கேக்குறாக. உக்காருங்கண்ணே."

சீனிச்சாமிக்கு முகம் சுண்டிவிட்டது. ஜெபஷீலா அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. "என்ன பண்ணீகளோ ஒண்ணையும் மறைக்காம வரிசையாச் சொல்லுங்க. மறச்சா எனக்குத்தான் வேல கூடும்" என்றார்.

ஸ்குரு டிரைவரால் நெம்பியதுவரை எல்லாவற்றையும் சொன்னார். ஜெபஷீலா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்து சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த ஒன்றைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார்.

"இதுதான் உங்க டிஸ்க்கு. நீங்க வரைஞ்சது பூராம் இதுலதான் இருக்கும். பிராசசருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. என்ன பேரு போட்டு வச்சீக?"

"கோம்பை."

ஜெபஷீலாவின் திரையில் 'கோம்பை' என்ற ஃபோல்டர் வந்தது. திறந்தார். இருபத்தாறு ஃபைல். கடைசியில் இருந்ததைத் தட்டியதும் கூம்பு மனையும், அதற்குள் அடங்கி நின்ற வீடும், ஒரு கோடு குறையாமல் அப்படியே விரிந்தன.

சீனிச்சாமி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கிப் போனது. மகாலட்சுமி, "இருக்கா, அம்புட்டும் இருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

ஜெபஷீலா எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி அவர் கையில் கொடுத்தார். "இத சட்டப் பையில வைங்க. இனி இந்தப் பெட்டி என்ன ஆனாலும் உங்க பிளானு உங்ககிட்ட. இப்ப நிதானமாப் பாக்கலாம்."

அதற்குப் பிறகு நடந்ததைச் சீனிச்சாமி பயமில்லாமல் வேடிக்கை பார்த்தார். கார்த்திக்ராஜ் கொடுத்த பிராசசரை ஜெபஷீலா கடையில் இருந்த இன்னொரு மதர்போர்டில் வைத்துப் போட்டார். உடனே படம் வந்தது. அப்படியானால் பிராசசர் நல்லதுதான். சீனிச்சாமியின் போர்டில் வைத்தால் மட்டும்தான் கறுப்பு.

"போர்டு போச்சா?"

"இல்லண்ணே, அதுக்கு ஆள் தெரியல. போர்டுக்குள்ள சின்னதா ஒரு புரோகிராம் இருக்கும், பயாஸ்னு பேரு. பட்டன அமுக்குனதும் மொதல்ல எந்திரிச்சு, யார் யாரு வந்திருக்காகன்னு பாக்குறது அதுதான். உங்க போர்டு செஞ்சப்ப இந்தப் பிராசசரே வெளிய வரல. யாருன்னு தெரியாம வாசல்லயே நிப்பாட்டி வச்சிருக்கு. பயாஸப் புதுசாக்குனா சேத்துக்கும்."

"அப்ப ஆக்கிரலாமே?"

"ஆக்கணும்னா கம்ப்யூட்டர் ஓடணும். ஓடணும்னா அதுக்குத் தெரிஞ்ச பிராசசர் வேணும். என்கிட்ட ஒண்ணு கெடந்துச்சு, போன மாசந்தான் ஒருத்தருக்குப் போட்டேன். உங்க பழசக் குடுங்க பாப்போம்."

சீனிச்சாமி டப்பாவை நீட்டினார். ஜெபஷீலா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பிராசசரைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஆயிரத்துக்கும் மேலே ஊசிகள், தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பாக, வரிசை வரிசையாக நின்றன. நெம்பிய மூலையில் மூன்று ஊசி சாய்ந்திருந்தது.

"இது எறங்கலன்னதும் அழுத்துனீகளா?"

"இல்ல. அழுத்தல."

"அதான் பொழச்சுது. அழுத்தியிருந்தா ஒடிஞ்சிருக்கும். ஒடிஞ்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

லீடு எடுத்த ஒரு மைக்ரோ டிப் பென்சிலைக் கொண்டுவந்தார். அதன் முனைத் துளையைச் சாய்ந்த ஊசியில் செருகி, மூச்சை அடக்கிக்கொண்டு, மெல்ல நிமிர்த்தினார். ஒன்று. இன்னொன்று. மூன்றாவதற்குப் பத்து நிமிஷம் ஆனது. பிறகு சாக்கெட்டில் வைத்துப் பார்த்தார். இறங்கவில்லை. எடுத்தார், பார்த்தார், மறுபடி வைத்தார். அப்போதும் ஒரு ஓரம் தூக்கியே நின்றது.

"இன்னும் எதோ ஒண்ணு சாஞ்சிருக்கு. எனக்குப் புலப்பட மாட்டேங்குது. கண்ணாடி மாத்தணும்னு டாக்டர் சொல்லி ஆறு மாசமாச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் தேய்த்தார்.

"நான் பாக்கட்டா?" என்றார் சீனிச்சாமி.

ஜெபஷீலா கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். சீனிச்சாமி அதை மேலேயிருந்து பார்க்கவில்லை. டியூப்லைட்டுக்கு நேரே, கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தார். கட்டி முடித்த சுவரை முனையில் நின்று நோட்டம் பார்ப்பது இப்படித்தான். ஒழுங்காக நின்றால் ஒரு வரிசை முழுக்க ஒரே ஊசியாகத் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் மறைந்துவிடும். வரிசையை ஒன்றொன்றாகத் திருப்பிக்கொண்டே வந்தார். முதல் வரிசை சரி. இரண்டு, மூன்று சரி. எட்டாவதில் நிறுத்தினார்.

"இதுல உள்ளுக்க ஒண்ணு வெலகியிருக்கு. ஓரத்துல இருந்து அஞ்சாவது. சன்னமாத்தான்."

ஜெபஷீலா பூதக்கண்ணாடி வைத்து அந்த இடத்தை மட்டும் பார்த்தார். "ஆமா" என்றார். பென்சிலை அவரிடமே நீட்டினார். "கை நடுங்காதுல்ல?"

"கை நடுங்குனா கொத்தனார் வேல பாக்க முடியுமாம்மா."

துளையைச் செருகினார். எவ்வளவு வளைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. கொஞ்சம் தள்ளினார், எடுத்துக் கண் மட்டத்தில் பார்த்தார், இன்னும் ஒரு மயிரிழை தள்ளினார். எட்டாவது வரிசை ஒரே ஊசியாகிவிட்டது.

ஜெபஷீலா வாங்கிச் சாக்கெட்டின் மேல் வைத்தார். விரலை எடுத்த மாத்திரத்தில் அது தன் எடையிலேயே இறங்கி உட்கார்ந்தது. கூலரை மாட்டிப் பட்டனை அமுக்கியதும் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

"வந்துருச்சு" என்றாள் மகாலட்சுமி.

"பாதிக் கிணறு" என்றார் ஜெபஷீலா. புதிய பயாஸைப் பென்டிரைவில் இறக்கி, பெட்டியின் ஒயரையும் திரையின் ஒயரையும் கடை யூபிஎஸ்ஸில் செருகினார். "இப்பப் பத்து நிமிசம் யாரும் எதையும் தொடக் கூடாது."

"நடுவுல கரண்ட் போச்சுன்னா?"

"போர்டு செத்துரும். அதுக்குத்தான் யூபிஎஸ்."

திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நிரம்ப ஆரம்பித்தது. முப்பத்தெட்டு சதவீதம் வந்தபோது தலைக்கு மேல் ஃபேன் நின்றது. டியூப்லைட் அணைந்தது. பக்கத்து டீக்கடையில் மிக்ஸி சத்தம் ஓய்ந்தது. யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது.

ஜெபஷீலா எழுந்து, அதில் செருகியிருந்த மற்ற எல்லா ஒயரையும் ஒவ்வொன்றாக உருவினார். தன்னுடைய கம்ப்யூட்டரையும் அணைத்தார். "பேட்டரி பழசு" என்று மட்டும் சொன்னார். அரையிருட்டில் அந்தத் திரை ஒன்றுதான் வெளிச்சம். ஐம்பது. ஐம்பத்தேழு. மகாலட்சுமி மாங்கல்யத்தைப் பிடித்துக்கொண்டு எதையோ முணுமுணுத்தாள். சீனிச்சாமி முதுகு வலிப்பதைக்கூட உணராமல் நின்றார். எழுபது. எண்பத்திரண்டில் கோடு அப்படியே நின்றுபோனது. யூபிஎஸ் கத்துகிற இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. பிறகு ஒரே தாவாகத் தொண்ணூற்றைந்துக்குப் போனது. நூறு. திரை ஒரு தரம் அணைந்து, தானாகவே மறுபடி வந்தது.

ஜெபஷீலா பட்டனை அமுக்கி அணைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இந்த வாரம் பேட்டரி மாத்திர்றேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் கரண்ட் வந்தது. பெட்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்த பிறகு, கூலரை எடுக்கச் சீனிச்சாமியையே கூப்பிட்டார். "இழுக்காதீக. பசை சூடா இருக்கையிலேயே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருகுங்க. வெண்ணெய் மாதிரி வரும்." வந்தது. பழைய பிராசசர் சாக்கெட்டிலேயே இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கார்த்திக்ராஜ் கொடுத்ததை வைத்தார்கள். இந்தத் தடவை போர்டு அதை அடையாளம் கண்டுகொண்டது. புது ஆள் வந்திருக்கிறார், ஏற்றுக்கொள்ளலாமா என்கிற மாதிரி ஒரு கேள்வியைத் திரையில் காட்டியது. ஜெபஷீலா ஒரு எழுத்தைத் தட்டினார். சீனிச்சாமிக்குப் பழக்கமான திரை, அய்யனார் கோயில் படத்தோடு, முழுசாக வந்து நின்றது.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். காரணம் ஒன்றும் இல்லை. நிறுத்தவும் முடியவில்லை. மகாலட்சுமி அவரைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள். ஜெபஷீலா பக்கத்துக் கடைக்கு மூன்று டீ சொன்னார்.

டீ குடிக்கும்போது, "எனக்கு ஒரு வேல பண்ணித் தருவீகளா?" என்று கேட்டார். கடைக்கு மேலே மாடியில் ஒரு ரூம் எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. படி எங்கே வைப்பது என்று மூன்று கொத்தனார் மூன்று விதமாகச் சொல்கிறார்களாம். சீனிச்சாமி டம்ளரை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்து, அளவெல்லாம் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார்.

பஸ்ஸில் வீரபாண்டி தாண்டியதும் அய்யாத்துரைக்குப் போன் போட்டார். "அண்ணாச்சி, பிளான் புதன்கிழம இல்ல, நாளைக்கே கொண்டாரேன்."

"அப்படியா. நல்லதாப் போச்சு" என்றார் அவர். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஐந்து மணிக்கு அய்யாத்துரை வீட்டு அடுப்படியின் கலர் படத்தை ஓடவிட்டார். ஐந்து மணி நேரம் பிடிப்பது, மகாலட்சுமி சோறு வடித்துக் குழம்பு இறக்குவதற்குள், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவள் திரையைப் பார்த்தாள். வெள்ளை டைல்ஸ், தாழ்வான மேடை, அதற்கு முன்னால் ஒரு நாற்காலி, ஜன்னல் வழியே சாய்ந்து விழுகிற வெயில்.

"நல்லாருக்கு" என்றாள். இன்னும் கிட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இந்த ஜன்னல் மேக்கத்தான பாத்திருக்கு?" என்று கேட்டாள்.

"ஆமா. ஏன்?"

"சாயங்கால வெயிலு நேரா மூஞ்சியில அடிக்குமே. நின்னு சமைக்கிறவன்னா நகந்துக்கிருவா. கிருபாவதி அக்கா உக்காந்துக்கிட்டுல்ல சமைப்பாக."

சீனிச்சாமி படத்தைப் பார்த்தார். வெயில் நாற்காலியின் மேல்தான் விழுந்து கிடந்தது. மூன்று வாரம் வரைந்தும் அது அவர் கண்ணில் படவில்லை. நேற்றாக இருந்தால், இன்னொரு ஐந்து மணி நேரத்துக்குப் பயந்து, பரவாயில்லை என்று விட்டிருப்பார்.

மேற்குச் சுவரை மூடி, ஜன்னலை வடக்கே கொண்டுபோய் வைத்தார். செங்கல் அளவு சரியாக வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். வந்தது. படத்தை மறுபடி ஓடவிட்டார். மகாலட்சுமி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், அது வருகிறதைப் பார்க்க.